பறவை தலை நிமிராத தூரம்

வெளியூர்களில் இருந்து மன்னாருக்கு வருபவர்கள் படமெடுப்பதற்காக மூன்று இடங்களை விசாரிப்பது வழக்கம். ஒன்று பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரம். மற்றொன்று தலைமன்னார் வெளிச்சவீடு. மூன்றாவது, "பூநாரை நிற்கும் இடம் எது?" என்பது. முதல் இரண்டுக்கும் உடனே வழி சொல்லிவிடலாம். நூறு பேர் சுற்றி நின்று படமெடுத்தாலும் அவை நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாவது கேள்விக்கு அப்படி விடை சொல்ல முடியாது. இன்று நிற்கும் இடத்தில் பூநாரை நாளையும் நிற்குமா என்பது, இன்று அதைப் படமெடுக்கச் சென்றவர் எப்படி நடந்துகொண்டார் என்பதிலும் தங்கியிருக்கின்றது.

கையடக்கத் தொலைபேசி வந்த பின்னர் கமரா இல்லாத வீடு எமது ஊர்களில் அரிதாகிவிட்டது. கடற்கரைக்குப் போகும் எவரும் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. ஆகவே கரையையும் அதில் வாழும் உயிரினங்களையும் எப்படிப் படமெடுப்பது என்பதை நாம் அனைவரும் கொஞ்சமாவது அறிந்திருத்தல் நல்லது. இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றைத்தான். படம் எடுத்து முடிந்த பின்னரும் பறவை தன் பாட்டில் இரை தேடிக்கொண்டு அங்கேயே நிற்குமானால், அதுவே நல்ல படம். வெளிச்சம், கடல்நீர், காற்று, கமரா ஆகியவற்றைப் பற்றி இங்கு கூறப்படும் யாவும் அந்த ஒன்றுக்கு உதவுபவையே.

எமது கரையின் அமைப்பு

மன்னார்த் தீவு தென்கிழக்கே மன்னார் நகரில் தொடங்கி வடமேற்கே தலைமன்னார் வரை சுமார் 25 கிலோமீற்றர் தூரம் நீண்டு கிடக்கின்றது. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. குன்று என்று சொல்ல இங்கு ஒன்றும் இல்லை. ஆழமற்ற கடல், சேற்றுத்தரை, உப்பு வெளி, கண்டல், பனை, முட்பற்றை என்பனவே எமது காட்சிகள். மலைநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வெறும் வெளியாகத் தோன்றும். ஆனால் இந்த வெறும் வெளியை நம்பித்தான் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது வடக்கு ஆசியாவில் குளிர் கூடுகின்றது. அங்குள்ள நீர்நிலைகள் உறைய முன்னரே உள்ளான்களும் வாத்துகளும் ஆலாக்களும் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதை எனப்படும் இந்த வழியின் தென்முனையில் இலங்கை அமைந்துள்ளது. எமது தீவுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் எதுவும் இல்லை. ஆகவே இங்கிருந்து துரத்தப்படும் பறவைக்கு அடுத்த தரிப்பிடம் என்று ஒன்று எளிதில் கிடைப்பதில்லை.

பெருநிலத்தில், தீவுக்குச் செல்லும் பாலத்துக்கு அண்மையில் தொடங்கும் வங்காலைச் சரணாலயம் 2008 ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2010 இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கூட்டமாகக் கூடும் இடங்களில் இதுவும் ஒன்று. பஸ்ஸில் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் போய்வரும்போது நாம் ஜன்னல் வழியாகச் சாதாரணமாகக் காணும் வெளிக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டு.

வெளிச்சமும் தொழுகை நேரமும்

ஒளிப்படம் என்ற சொல்லிலேயே முதலில் நிற்பது ஒளி. நல்ல ஒளி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் எமக்கு வேறு அட்டவணை தேவையில்லை. தொழுகை நேரமே போதுமானது.

ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்கு இருந்த நிழலைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும் நேரத்தில் அஸர் ஆரம்பமாகின்றது என்று மார்க்கப் பாடத்தில் படித்திருக்கின்றோம். இதைக் கேத்திர கணிதத்தில் சொன்னால், அப்போது சூரியன் அடிவானத்தில் இருந்து 45 பாகை உயரத்திலோ அதற்குக் கீழேயோ நிற்கின்றது என்பதாகும். அந்த நேரத்தில் இருந்து மஃரிப் வரை சூரியன் சரியச் சரிய ஒளி அதிக தூரம் காற்றின் ஊடாக வருகின்றது. நீல நிறம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் செம்மையும் எஞ்சி எம்மை வந்தடைகின்றன. நிழல்களும் நீளுகின்றன. நண்பகலில் ஒரே தட்டையாகத் தெரியும் சேற்றுத்தரையில் நண்டு வளைகளும் பறவைக் காலடிகளும் அலை விட்டுச்சென்ற வரிகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன.

காலையில் சுப்ஹு தொழுதபின் சூரியன் உதித்து ஒரு மணித்தியாலம் வரை இதே ஒளி உண்டு. காலைக்கு இன்னொரு சிறப்பும் இருக்கின்றது. அநேகமான நாட்களில் அந்நேரம் காற்று குறைவு. களப்பு நீர் கண்ணாடி போலக் கிடக்கும். ஒரு கொக்கைப் படமெடுத்தால் இரண்டு கொக்குகள் கிடைக்கும், ஒன்று நேராக, மற்றது தலைகீழாக.

லுஹர் நேரத்து வெயிலில் பறவையின் முதுகு வெளுத்துப்போகும், வயிறு கறுத்துப்போகும். சூடான தரையில் இருந்து எழும் காற்று தூரத்துப் பொருள்களை நடுங்கச் செய்வதால் எந்தக் கமராவிலும் படம் தெளிவாக வராது. அந்த நேரம் கமராவுக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுப்பதே புத்தி.

சூரியன் மறையும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. தீவின் தென்கரை வடமேற்கு நோக்கி நீள்கின்றது. டிசம்பரில் சூரியன் தென்மேற்குப் பக்கமாகச் சாய்ந்து மறைவதால், தென்கரையில் நிற்பவருக்கு அது நேரே கடலுக்குள் இறங்கும். ஜூனில் அது வடமேற்குப் பக்கமாக நகர்ந்து கரையை ஒட்டியபடி மறையும். கடலும் சூரியனும் மட்டும் வேண்டுமானால் டிசம்பர், அலைக்கோடும் பனைவரிசையும் சூரியனும் சேர்ந்து வேண்டுமானால் ஜூன். மஃரிப் பாங்கு சொல்லும்போது கமரா பைக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதன் பின்னர் எழும் செவ்வானத்தை வீட்டு வாசலில் நின்றே எடுக்கலாம். மன்னாரில் வானத்தை மறைக்க மலை ஏதும் இல்லை.

பிறை, நீர், காற்று

பறவைகள் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கடல்நீர். நீர் வற்றும்போது சேற்றுத்தரை வெளிப்படும். புழுக்களையும் சிறு நண்டுகளையும் தேடிப் பறவைகள் தொலைவில் பரவி நிற்கும். நீர் பெருகும்போது அந்த மேய்ச்சல் நிலம் மூடப்படுவதால் அவை கரைப்பக்கமாக ஒதுங்கி ஒன்றுசேரும். எமது கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனால் தரை மிகவும் தட்டையாக இருப்பதால், ஒரு சாண் நீர் இறங்கினாலே பெரிய பரப்பு வெளியே வந்துவிடும்.

இதை அறிந்துகொள்ளவும் எம்மிடம் ஒரு நாட்காட்டி இருக்கின்றது. சந்திரனும் சூரியனும் பூமியுடன் ஒரே கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டியே பெரிய பெருக்கும் பெரிய வற்றும் ஏற்படுகின்றன. அதாவது ஹிஜ்ரி மாதத்தின் முதற்பிறையை ஒட்டிய நாட்களிலும் பிறை 15, 16 ஐ ஒட்டிய நாட்களிலும் நீர் அதிகம் ஏறி அதிகம் இறங்கும். பிறை 8, 22 ஐ ஒட்டிய நாட்களில் மாற்றம் குறைவாக இருக்கும். கடலுக்குப் போகும் எமது பெரியவர்கள் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்பட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

நீர் பெருகத் தொடங்கும் வேளையில் கரையோரமாக ஓர் இடத்தில் முன்கூட்டியே அமர்ந்திருப்பது சிறந்த முறை. நாம் பறவையைத் தேடிப் போவதில்லை. நீரே அவற்றைச் சிறிது சிறிதாக எம் பக்கம் கொண்டுவரும். ஏற்கெனவே அசையாமல் அமர்ந்திருக்கும் ஓர் உருவத்தைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தம்மை நோக்கி நடந்துவரும் உருவத்துக்கே அவை அஞ்சுகின்றன.

காற்றையும் கவனிக்க வேண்டும். காற்று பலமாக வீசும்போது பறவைகள் காற்று வரும் திசையை நோக்கியே நிற்கும். பின்னால் இருந்து வீசினால் இறகு கலையும் அல்லவா? எழும்பும்போதும் அவை காற்றுக்கு எதிராகவே எழும்புகின்றன. ஆகவே காற்றும் வெளிச்சமும் எமது முதுகுப்பக்கம் இருக்கும் இடத்தில் அமர்ந்தால் பறவையின் முகம் எமக்குத் தெரியும், அதன்மீது வெளிச்சமும் விழும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வரும். லென்ஸில் படிந்த மணலைச் சீலையால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதி அகற்றிவிட்டுப் பின்னர் மெதுவாகத் துடைக்க வேண்டும்.

எவ்வளவு தூரம்?

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். பூநாரை நிற்கும்போது வெள்ளையாகவும் வெளிறிய இளஞ்சிவப்பாகவும் தெரியும். அது சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் செந்நிறமும் ஓரத்துக் கறுப்பும் வெளிப்படுகின்றன. அந்த அழகுக்காகவே சிலர் கைதட்டியும் ஹோர்ன் அடித்தும் கல்லெறிந்தும் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகின்றார்கள். படமும் கிடைத்துவிடுகின்றது. பறவைக்கு என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை.

பூநாரை சிட்டுக்குருவி போல நின்ற இடத்தில் இருந்து கிளம்புவதில்லை. பாரமான உடலைத் தூக்குவதற்காக நீரின்மேல் பல அடி தூரம் ஓடியே அது எழும்ப வேண்டும். அதன் உணவோ மிகச் சிறியது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நீரையும் சேற்றையும் வடித்து, எஞ்சும் சிறு இறால் வகைகளையும் பாசியையும் உண்கின்றது. அதன் செந்நிறமும் அந்த உணவில் உள்ள நிறப்பொருளில் இருந்தே வருகின்றது. இப்படி மணிக்கணக்காக வடித்துச் சேர்த்த சக்தியை ஒருவருடைய ஒரு படத்துக்காக அது செலவழிக்க வேண்டியிருக்கின்றது. சிறிய உள்ளான்களின் நிலை இதைவிடக் கடினம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவை வடக்கே திரும்பிப் பறப்பதற்காக உடலில் கொழுப்பைச் சேமிக்கின்றன. பல்லாயிரம் கிலோமீற்றர் பயணத்துக்கு அதுவே எரிபொருள். அந்த நாட்களில் ஒரு கூட்டத்தை மீண்டும் மீண்டும் கிளப்புவது, தூரப்பயணம் போகும் வாகனத்தின் தாங்கியில் துளை போடுவதற்குச் சமம்.

அப்படியானால் எவ்வளவு தூரத்தில் நிற்பது? இத்தனை மீற்றர் என்று ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அது மாறும். ஆனால் பறவையே அதைச் சொல்லித் தரும். குனிந்து இரை தேடும் பறவை தலையை நிமிர்த்தி எம்மைப் பார்த்தால் அது முதல் எச்சரிக்கை. பல பறவைகள் ஒரே நேரத்தில் தலை நிமிர்த்தினால் இரண்டாவது. அவை இரை தேடுவதை விட்டுவிட்டு எமக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினால் மூன்றாவது. அதற்கு அடுத்தது பறப்பதுதான். முதல் எச்சரிக்கையிலேயே நாம் நின்றுவிட வேண்டும். சற்று நேரத்தில் தலை மீண்டும் தாழ்ந்தால் அந்த இடத்திலேயே அமர்ந்து படமெடுக்கலாம். தாழாவிட்டால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பறவை தலை நிமிராத தூரமே சரியான தூரம்.

சிறகு விரித்த படம் வேண்டும் என்பவர் காத்திருக்கட்டும். பூநாரை இடையிடையே தானாகவே சிறகை விரித்துச் சோம்பல் முறிக்கும். நீர்மட்டம் மாறும்போது தானாகவே இடம் மாறிப் பறக்கும். அப்போது எடுத்த படத்தில் பறவையின் கழுத்திலும் காலிலும் அவசரம் இருக்காது.

இன்னொரு செய்தியும் பயன் தரும். வீதியோரப் பறவைகள் வாகனங்களுக்குப் பழகியவை. அவை ஆட்டோவைக் கண்டு பறப்பதில்லை, அதில் இருந்து இறங்கும் மனிதரைக் கண்டே பறக்கின்றன. பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடத்தில் வாகனத்துக்குள் இருந்தபடியே எடுத்தால் நல்ல படம் கிடைக்கும். பாலத்தின்மேல் போக்குவரத்தை மறித்து நிற்பது கூடாது. சேற்றுத்தரைக்குள் இறங்குவதும் ஆபத்து, கால் எங்கே புதையும் என்று சொல்ல முடியாது. கடற்படை முகாம், சோதனைச் சாவடி என்பன உள்ள பக்கம் கமராவைத் திருப்பாதிருப்பதும், வாப்பாவுடனோ காக்காவுடனோ தோழிகள் சிலராகச் சேர்ந்தோ போவதும் நாம் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை. சரணாலயத்தின் மேலாக ட்ரோன் பறக்கவிடுவதற்கு உரிய அனுமதி வேண்டும். பறவைகளின் கண்ணுக்கு அது மேலே வட்டமிடும் ஒரு பருந்து.

தரையில் ஒரு கூடு

வலசை வரும் பறவைகள் ஏப்ரலில் பெரும்பாலும் போய்விடும். போகாமல் இங்கேயே தங்கும் ஒரு சிறிய பறவை இருக்கின்றது. மணல் நிற முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட உப்புக்கொத்தி அது. உப்பு வெளியில் சில அடி ஓடி, நின்று, மீண்டும் ஓடும். இது நீண்ட காலமாக வேறோர் உப்புக்கொத்தி இனத்தின் கிளையினம் என்றே எண்ணப்பட்டு வந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதன் மரபணுவையும் உடலளவுகளையும் நிறத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, அது தனி இனம் என 2023 ஆம் ஆண்டு வெளியிட்டனர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இதற்கு, எமது தீவின் முனையில் தொடங்கும் ஆதாம் பாலத்தின் இராமாயணத் தொடர்பை வைத்து, ஹனுமான் உப்புக்கொத்தி என்று ஆங்கிலப் பொதுப்பெயரும் சூட்டப்பட்டது. எமது வாசலில் ஓடித்திரியும் ஒரு பறவை உலகத்தின் கண்ணுக்குப் புதிய இனமாகியிருக்கின்றது.

இந்தப் பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. வரட்சிக் காலத்தில் வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். முட்டைகள் தரையின் நிறத்திலேயே புள்ளிகளுடன் இருப்பதால் காலுக்குக் கீழே வரும்வரை அவற்றைக் காண முடியாது. நாம் நெருங்கினால் தாய் எழும்பி ஓடும். சில வேளை சிறகு முறிந்தது போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நடிக்கும். எம்மைத் தன் பின்னால் வரச்செய்து முட்டையில் இருந்து விலக்குவதே அதன் நோக்கம். அதை அருமையான காட்சி என்று எண்ணிப் படமெடுத்துக்கொண்டு நின்றால், அந்த நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் கிடக்கும். மன்னார் வெயிலில் நிழலின்றிக் கிடக்கும் முட்டைக்கு ஆயுள் குறைவு. அதைவிட, மனிதர் நின்று குனிந்து பார்க்கும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். நாம் போனதும் அது வரும்.

பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி பணித்ததையும் அபூதாவூத் கிரந்தத்தில் வரும் ஹதீஸ் மூலம் அறிகின்றோம். அந்தத் தோழர்கள் குஞ்சுகளைக் கொல்லவில்லை, எடுத்தது மட்டுமே. தாயின் தவிப்பே திருப்பி வைக்கச் சொல்வதற்குப் போதுமான காரணமாக இருந்தது. கூட்டருகே கமராவுடன் நிற்பவருக்கு இந்தப் பாடம் போதும். சிறகு இழுக்கும் உப்புக்கொத்தியைக் கண்டால் கால் வைத்த அடையாளத்திலேயே மீண்டும் கால் வைத்துத் திரும்பிவிட வேண்டும். கூட்டின் படத்தையோ இடத்தையோ எவருக்கும் அனுப்பக் கூடாது.

கையில் உள்ள கமரா போதும்

இவ்வளவு தூரத்தில் நின்றால் போனில் பறவை அரிசிமணி அளவில்தானே தெரியும் என்று கேட்கலாம். உண்மைதான். திரையை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாலும் பயன் இல்லை. போன் அநேகமாகப் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகின்றதே தவிரப் புதிதாக எதையும் பார்ப்பதில்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பறவையைத் தனியே எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுவது. வானம் பெரியது, நீர் பெரியது, இரண்டுக்கும் நடுவே பூநாரைக் கூட்டம் மெல்லிய ஓர் இளஞ்சிவப்புக் கோடு. மன்னார் உண்மையில் அப்படித்தான் இருக்கின்றது. பறவையின் கண்ணும் அலகும் தெரியும் படங்கள் எந்த நாட்டிலும் எடுக்கக்கூடியவை. அந்தக் கோடு எமது கரைக்கே உரியது. இத்தகைய படத்தில் அடிவானம் சரியாமல் இருக்க வேண்டும். வானம் அழகாக இருந்தால் அடிவானத்தைக் கீழேயும், நீரின் பிரதிபலிப்பு அழகாக இருந்தால் மேலேயும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி, இருகண் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் அதன் ஒரு கண்ணில் போனின் லென்ஸைப் பொருத்திப் பிடிப்பது. சுற்றிலும் தெரியும் கறுப்பு வட்டம் சிறிது பெரிதாக்கினால் மறைந்துவிடும். கை நடுங்காமல் இருக்க முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

கமரா செய்யும் ஒரு பிழையையும் அறிந்திருப்பது அவசியம். தன் முன் உள்ள காட்சி சராசரியான வெளிச்சம் உடையது என்றே கமரா எண்ணிக்கொள்ளும். வெள்ளை மணலையும் வெள்ளைப் பறவையையும் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று கருதி அதைக் குறைத்துவிடும். வெள்ளைக் கொக்கு சாம்பல் கொக்காகிவிடும். அப்போது திரையில் பறவையைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரிய அடையாளத்தைச் சிறிது மேலே நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். கறுத்த பொருளை எடுக்கும்போது இதற்கு எதிர்மாறாகக் குறைக்க வேண்டும். வேகத்தை மாற்றக்கூடிய கமரா கையில் இருந்தால், பறக்கும் பறவைக்கு 1/1000 செக்கனோ அதைவிடக் குறுகிய நேரமோ வேண்டும். அசையாமல் நிற்கும் பறவைக்கு 1/250 போதுமானது.

இதையெல்லாம் பழகிக்கொள்ள எமது தீவில் நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார், கழுதை. வீதியில் அசையாமல் நிற்கும். பறந்து போகாது. வெயிலில் கறுத்துத் தெரியும், எதிர்வெளிச்சத்தில் காதின் ஓரம் மின்னும். நின்றபடி எடுத்த படத்தையும் கழுதையின் கண் உயரத்துக்குத் தாழ்ந்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தாழ்ந்து எடுப்பதன் அருமை உடனே விளங்கும். பறவைக்கும் அதே விதிதான். கரையில் அமர்ந்து எடுத்தால் படமும் நன்றாக வரும், எமது உருவமும் பறவைக்குச் சிறிதாகத் தெரியும்.

படம் என்னும் சாட்சி

எங்கள் வீட்டில் 1990 இற்கு முந்திய படம் ஒன்றேனும் இல்லை. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எமது தீவில் இருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது மிகச் சொற்பம். படங்களை யார் நினைத்தார்கள்? யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பின்னர், அந்நாளில் இந்தக் கரையில் பறவைகள் எவ்வளவு நின்றன என்று உம்மம்மாவிடம் கேட்டால், "மணல் தெரியாது மகள்" என்பார். அது உண்மையாக இருக்கலாம். இளமையில் கண்ட கடல் எவருக்கும் பெரிதாகவே தெரியும் என்பதாலும் இருக்கலாம். இரண்டில் எது என்று அறிவதற்கு எம்மிடம் ஒரு படம்கூட இல்லை.

இன்று கரை மீண்டும் மாறிக்கொண்டிருக்கின்றது. தென்கரையில் 30 விசையாழிகளுடன் 103.5 மெகாவாட் வலுவுள்ள தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் அமைப்பது பற்றியும் மணல் அகழ்வது பற்றியும் வாதங்கள் நடந்துவருகின்றன. மின்சாரம் நாட்டுக்குத் தேவை. பறவைகளுக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை. இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். எந்தப் பறவை, எந்த மாதத்தில், எந்த இடத்தில், எத்தனை நின்றது? அந்த விடையில் ஒரு சிறு பங்கை ஒரு பாடசாலை மாணவியின் போனில் உள்ள படமும் தர முடியும். அதற்குத் திகதியும் இடமும் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஈபேர்ட் என்னும் இணையத் தளத்தில் எவரும் தாம் கண்ட பறவைகளின் பட்டியலையும் படங்களையும் பதிவு செய்யலாம். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துகின்றார்கள். கரையொதுங்கிய கடலாமையையோ ஆவுளியாவையோ கண்டால் தொடாமல், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு செருப்பையாவது வைத்துப் படமெடுத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.

சாட்சி சொல்பவர் பொய் சொல்லக் கூடாது. படத்தில் தெரியும் காற்றாலையை அழித்துவிட்டு வெறும் வானமாக்குவதும், பத்துப் பறவையைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூறாக்குவதும் பொய்ச் சாட்சியே. நிறத்தைக் கூட்டுவதிலும் கவனம் வேண்டும். இளம் பூநாரைகள் சாம்பலும் கபிலமும் கலந்த நிறமுடையவை. செந்நிறம் வர அவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிவிட்டால், அந்தக் கூட்டத்தில் எத்தனை இளம் பறவைகள் இருந்தன என்ற செய்தி அழிந்துவிடும்.

பறவைகளுக்குச் சொன்ன மரியாதை மனிதர்களுக்கும் உரியது. வலை இழுப்பவரும் மீன் காயவைக்கும் பெண்மணியும் எமது படத்தை அலங்கரிக்க நிற்கும் பொருள்கள் அல்லர். முதலில் ஸலாம், பின்னர் அனுமதி, அதன் பின்னரே கமரா. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டுக் கமராவைத் தாழ்த்திக்கொள்வதே பண்பு.

எமது கல்லூரியில் பல ஊர்களில் இருந்தும் வரும் மாணவிகள் படிக்கின்றோம். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கரையில் ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டு, மாதத்தில் ஒரு தடவை, அதே பிறையில், அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து, திகதியையும் பறவைகளின் எண்ணிக்கையையும் எழுதி வைத்தால், ஒரு வருடத்தில் பன்னிரண்டு படங்கள் சேரும். நாம் இக்கல்லூரியை விட்டுப் போகும்போது அந்தக் கொப்பியை அடுத்த வகுப்பு மாணவியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். இந்தக் கரை எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். முப்பது வருடங்களின் பின்னர் ஒரு பிள்ளை, இங்கு பறவைகள் எவ்வளவு நின்றன என்று கேட்கும்போது, அதற்குக் காட்ட அந்தக் கொப்பி இருக்கும். கரையிலும் பறவைகள் நிற்க வேண்டும். அதற்காகவே சற்றுத் தள்ளி நின்று எடுப்போம்.